தூரத் தூரப் போட்ட கதிரைகள்

பத்து வருடம் வளர்த்த கம்பனியை விற்கப் போகிற ஒரு மனிதன், அதை வாங்க வருகிற மூன்று பேரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவானா? கூப்பிட்டான். அந்த மனிதன் நான்தான். கூப்பிட்டதோடு நிற்கவில்லை. அதைப் பெரிய மூளைக்காரத்தனம் என்று நினைத்து, முதல் நாள் சிரித்தபடியே நித்திரையும் கொண்டேன். (மனைவி சாட்சி. "என்ன, கனவிலயும் இளிக்கிறீங்கள்?" என்று தட்டி எழுப்பிக் கேட்டாள்.)

கம்பனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், வாசலில் பூச்சாடி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக, படகு எஞ்சின் சாமான் விற்கிற கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே எஞ்சினைத் திருத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால், மேலே எங்கள் கணினித் திரைகள் ஆடும். ஊழியர்கள் ஆறு பேர். அதோடு ஒரு பூனை. (சம்பளம் இல்லை, ஆனால் வரவு ஒழுங்கு.)

நாங்கள் செய்த மென்பொருளின் பெயர் 'கரைக்குரல்'. கடலில் இருந்து திரும்புகிற படகுக்காரர், கரைக்குக் கிட்ட வந்து போனுக்கு சிக்னல் கிடைத்ததும், இன்றைக்கு என்ன மீன், ஐஸ் வேண்டுமா, லொறி வேண்டுமா என்று வாயால் சொல்வார். அந்த நிமிடமே அது கரையில் இருக்கிற வியாபாரிகள் எல்லோருடைய போனிலும் அவர் குரலாகவே போய் விழும். அவ்வளவுதான். கையெல்லாம் மீன் செதிலாக இருக்கிறவர்கள் எழுத்துக் கூட்டி அடிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் விசேஷம். தெற்கே இலங்கைத்துறையில் இருந்து வடக்கே நிலாவெளி வரைக்கும் படகுகள் அதில் சேர்ந்திருந்தன.

அதன் மூளை நான் இல்லை. தாரணி. கொழும்பில் நல்ல வேலையில் இருந்த பிள்ளை. சொந்த ஊரில் இருந்தே வேலை செய்யலாம் என்று நான் சொன்னதை நம்பித் திரும்பி வந்தவள். நேர்முகத்தில் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு, அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், ஒரு நாளைக்கு இதையும் கொழும்புக்குக் கொண்டு போயிடுவீங்களோ?"

"சீச்சீ! ஆபீஸ் திருகோணமலையை விட்டு ஒரு அங்குலம் அசையாது. இது என்ர வாக்கு" என்றேன். (வாக்குக் கொடுக்கிற நேரம் எனக்கு இரத்த அழுத்தம் இருக்கவில்லை.)

பிறகு இரத்த அழுத்தம் வந்தது. டொக்டர் கருவியைக் கழற்றிவிட்டு, "கம்பனியும் நீங்களும் ஒண்டாத் தப்பேலாது. ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ" என்றார். என் மனைவி மலர் பக்கத்தில் இருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள்ளேயே கம்பனியை விற்பது என்று முடிவாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் பார்வையாளராகக் கலந்துகொண்டேன்.

கதை வெளியே போனதும் மூன்று பேர் கேட்டு வந்தார்கள்.

முதலாவது, கொழும்புக்காரர் தயாபரன். எங்கள் தொழிலையே பெரிய அளவில் செய்கிற ஒரு கம்பனியின் மனேஜர். அடுத்தவர் கனடா சிவம் அண்ணை. உப்புவெளியில் பிறந்து, டொரொண்டோவில் காசு சேர்த்து, அதை ஊரில் எதிலாவது போடவேண்டும் என்று வருடா வருடம் வந்து, ஒன்றிலும் போடாமல் வெயிலில் கறுத்துத் திரும்பிப் போகிறவர். மற்றவர் அன்சார் ஹாஜியார். கிண்ணியாவில் ஐஸ் ஆலையும் மீன் லொறிகளும் வைத்திருக்கிறார். கரைக்குரலில் முதன்முதலாகச் சேர்ந்த வியாபாரியும் அவர்தான்.

மூன்று பேரும் மூன்று விதமான வாங்குகிற ஆட்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிக் காசாகத்தான் தெரிந்தது. ஒரு பின்னேரம் ஆபீஸில் தேத்தண்ணி குடிக்கும்போது தாரணிதான் கதையைத் தொடங்கினாள்.

"சேர், கொழும்புக்காரர் வாங்கினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?"

"என்ன நடக்கும்? பெரிய ஆக்கள். பெரிசாச் செய்வினம்."

"அவையளிட்ட இதே மாதிரி ஒண்டு ஏற்கெனவே இருக்கு. அவையளுக்குத் தேவை எங்கட படகுக்காரர் மட்டுந்தான். அவையை எடுத்துப்போட்டு எங்களை மூடிப்போடுவினம்."

"சரி, அப்ப கனடா அண்ணை?"

"அவர் நல்ல மனுசன். ஆனா போட்ட காசு எப்ப திரும்பி வரும் எண்டுதான் பாப்பார். கொஞ்ச நாள் வச்சிருந்துபோட்டு வேற ஆருக்கும் விப்பார். ஆருக்கு விப்பார்? அதே கொழும்புக்காரருக்குத்தான்."

"ஹாஜியார் எங்கட பழைய ஆளெல்லோ?"

"ஓம். ஆனா அவர் வாங்கினா மற்ற ஐஸ் முதலாளிமார் ஒருத்தரும் எங்கட பக்கம் தலை வச்சும் படுக்காயினம். தங்கட வியாபாரம் முழுக்க அவருக்குத் தெரியவருமெல்லோ?"

நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. அதனால் எனக்கு எரிச்சல் வந்தது.

"அப்ப ஆருக்குத்தான் விக்கச் சொல்றீர்?"

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் பதிலையும் நானே சொல்லிவிட்டேன். (இது டொக்டருக்குத் தெரியாத என் இன்னொரு வியாதி.)

"பிடிச்சிட்டன்! மூண்டு பேரையும் ஒண்டாக் கூப்பிடுறன்!"

தாரணி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இந்த யோசனை எனக்குக் கடற்கரையில் இருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் மீன் வந்து இறங்கினால் மணலில் குவித்து வைத்துக் 'கூறுவார்கள்'. ஏலம் விடுவதைத்தான் அப்படிச் சொல்வது. வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். கூறுகிற ஆள் விலையைச் சொல்லச் சொல்ல ஒருவர் தலையை அசைப்பார், மற்றவர் விரலைக் காட்டுவார், விலை ஏறும். நான் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை இல்லை. அப்பா துறைமுகத்தில் கிளார்க். கறிக்கு மீன் வாங்கப் பையோடு போய், ஓரத்தில் நின்று வேடிக்கையும் விடுப்பும் பார்த்தவன் மட்டும்தான் நான். ஆனால் விடுப்புப் பார்க்கிறவனுக்குத்தான் எல்லாத் தொழிலும் தெரிந்திருக்குமே.

திட்டம் இதுதான். மூவரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டால் பொறாமை வரும், பொறாமையில் விலை ஏறும். ஆபீஸை இங்கேயே வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதற்கு மேலே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். யாருக்கு விற்பது என்று நான் மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. கடைசியாகத் தலையை ஆட்டுகிறவருக்குக் கொடுத்துவிடலாம். தாரணிக்குக் கொடுத்த வாக்கும் தப்பும், என் இரத்தக் குழாயும் தப்பும்.

மலரிடம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஏலத்துக்கு வாறவைக்கு ஆரும் சோறு போடுறவையே?"

"சும்மா சோறில்லை. நண்டு."

"நண்டு எண்டா உடைக்க ஆள் வேணும். நான் தனிய ஏலாது."

"ஆபீஸ் பிள்ளையள் இருக்கினம்தானே!" என்றேன்.

அப்படித்தான் கரைக்குரல் கம்பனியின் முழு ஊழியர் படையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குசினியில் குந்தியிருந்து நண்டு உடைத்தது. அதுவும் நல்ல பெரிய நண்டு. கதவுப் பூட்டு மாதிரிக் கொடுக்கு. தாரணி கையில் அம்மிக் குழவி. நான் புதுச் சேட்டோடு மேற்பார்வைக்குப் போனேன்.

"சேர், அவையோட கதைக்கேக்க நானும் வந்து இருக்கவோ? உள்ளுக்க வேலை செய்யிறது எப்பிடி எண்டு ஏதும் கேட்டா..."

"வேண்டாம் பிள்ளை. அதை நான் பாக்கிறன். நீர் இஞ்ச பாரும். அந்தக் கால் சரியா உடையேல்லை."

அவள் அந்தக் காலை உடைத்தாள். ஓங்கித்தான் உடைத்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது கதிரைகள். ஹோலில் இருந்த செற்றியைத் தூக்கி அறைக்குள் போட்டேன். ஒரு கதிரை யன்னலடியில். ஒன்று அலுமாரிக்குப் பக்கத்தில். மற்றது வாசலோரம். போட்டிக்காரர்கள் கிட்டக் கிட்ட இருக்கக் கூடாதாம், தூர இருந்து முறைத்தால்தான் சூடு ஏறுமாம். (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். படிக்கவில்லை.) என் மகள் சங்கவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, தொத்து வருத்தக்காரர் ஆரும் வருகினமோ?"

"இது வியாபார நுட்பம்."

"ஓம் ஓம்" என்றுவிட்டுப் போனாள்.

முதலில் தயாபரன் வந்தார். முழுக்கைச் சேட்டு, மினுங்குகிற சப்பாத்து. யன்னல் கதிரையில் இருத்தினேன். அடுத்து வாடகை வான் ஒன்றில் சிவம் அண்ணை. அரைக் காற்சட்டை, கையில் தண்ணிப் போத்தல். அலுமாரிக் கதிரை. நான் நடுவில் நின்றேன், கூறுகிற ஆள் மாதிரி. முறைப்புத் தொடங்கப் போகிறது என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்போது சிவம் அண்ணை ஒரு கேள்வி கேட்டார். எங்கள் ஆட்கள் இரண்டு பேரை உலகத்தில் எந்த மூலையில் இருத்தினாலும் தண்ணி குடிக்க முதல் கேட்கிற அந்தக் கேள்வி. அதை நான் எப்படி மறந்தேன் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"தம்பி எந்த இடம்?"

"வெள்ளவத்தை, அண்ணை."

"அது இருக்கிற இடம். சொந்த இடம்?"

"அப்பா ஆக்கள் சாவகச்சேரி. மனுசி இஞ்சத்தை ஆள்தான். உப்புவெளி."

"உப்புவெளியோ? உப்புவெளியில ஆற்ற மகள்?"

"நாகலிங்கம் ஓவசியற்ற..."

சிவம் அண்ணை கதிரையோடு சேர்ந்து எழும்பினார்.

"ஓவசியற்ற கடைசி மகள் வதனியோ? அட கடவுளே! ஓவசியர் என்ர அம்மாவுக்கு ஒண்டுவிட்ட தமையனெல்லோ! வதனி எனக்கு மச்சாள்! அப்ப நீர் எனக்குத் தம்பி முறை. நான் சும்மா தம்பி எண்டு கூப்பிடேல்லை, முறையாத்தான் கூப்பிட்டிருக்கிறன்!"

"அப்ப கலியாணத்துக்குக் கனடாவில இருந்து ஒரு பெரிய மணிக்கூடு அனுப்பினது..."

"நான்தான்! ஓடுதோ?"

"இல்லை அண்ணை. ஆனா சுவரில இருக்கு."

அலுமாரிப் பக்கக் கதிரை தரையில் கீறிக்கொண்டு யன்னலடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. மலர் விருந்தாட்களுக்குக் காட்டுவாள்.

பரவாயில்லை, இன்னும் ஹாஜியார் இருக்கிறார் என்று மனதைத் தேற்றினேன். அவர் கிண்ணியா முஸ்லிம். இவர்களோடு மச்சாள் முறை பேசி ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. ஒருவராவது முறைப்பார்.

ஹாஜியார் வெள்ளைச் சாரம், தொப்பி, ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். வாசலோரக் கதிரையைக் காட்டிவிட்டு, "இவர் கனடா சிவம் அண்ணை, உப்புவெளி" என்று அறிமுகப்படுத்தினேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.) ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்தார்.

"சிவசம்பு மாஸ்டர்ர மகனா நீங்க?"

"ஓம், அப்பாவைத் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியுமாவா? என்னை அடிச்ச மனுசன்!"

அப்பாடா, ஒரு பகையாவது கிடைத்தது என்று எனக்கு உயிர் வந்தது.

"கணக்கு வரல்லண்டு வெயில்ல முழங்கால்ல வெச்சாரு. வெச்சிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பொறகு தனிய இரித்திச் சொல்லித் தந்தாரு. இண்டைக்கு எனக்கு ஒரு தொழில் இரிக்கிண்டா அது அவர் தந்தது, மகன்." ஹாஜியார் கண்ணைத் துடைத்தார்.

"அந்தப் பூவரசங் கம்புதானே?" என்றார் சிவம் அண்ணை. "எனக்கும் அதே கம்புதான் ஹாஜியார்."

மூன்றாவது கதிரையும் போய்விட்டது. இப்போது மூன்று கதிரைகளும் யன்னலடியில் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு இருந்தன. ஹோலின் நடுவில் நான் மட்டும் நின்றேன். எனக்குத்தான் கதிரை இல்லை. நான் போடவில்லை.

சாப்பாட்டு மேசையில் நண்டுக் கறியைக் கண்டதும் ஹாஜியார் சிரித்தார். "எங்கட ஊட்டுல நண்டு திங்கிறல்ல தம்பி. உங்களுக்குத் தெரியாதா?"

பத்து வருடம் அவரோடு வியாபாரம் செய்திருக்கிறேன். தெரியாது. நான் முழிப்பதற்குள் மலர் அறக்குளா மீன் பொரியலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்கென்று புதுச் சட்டி வாங்கி, புறம்பாகப் பொரித்து வைத்திருந்தாள். தாரணி சொன்னாளாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (கேட்டால்தானே சொல்வதற்கு.)

சாப்பிடும்போது கதையைக் கம்பனிப் பக்கம் திருப்பப் பார்த்தேன். உப்புவெளியில் யார் செத்தார், யார் எந்த நாட்டில் என்று கதை போய்க்கொண்டே இருந்தது. "அப்ப, கம்பனி விசயம்..." என்றேன். சிவம் அண்ணை நண்டுக் காலை உறிஞ்சி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இரும் குமார். அதென்ன மீனே, பழுதாப் போறதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. கடற்கரையில் மீனைச் சுற்றி எல்லோரும் அவசரமாக நிற்பது மீன் பழுதாகும் என்பதால். என் கம்பனி பழுதாகாது. ஒருவரும் நிற்கத் தேவையில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சாப்பாடு முடிந்ததும் போனை ரீவியோடு இணைத்து, "இப்ப கரைக்குரல் வேலை செய்யிறதை நேரடியாப் பாருங்கோ" என்றேன். சல்லிக் கிராமத்துப் படகுக்காரர் ஜெகனிடம் முதலே சொல்லி வைத்திருந்தேன், இந்த நேரத்துக்குக் கரைக்கு வரும்போது நல்லதாக ஒரு செய்தி போடச் சொல்லி. சொன்னபடி ஜெகனின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. தெளிவோ தெளிவு.

"சல்லி ஜெகன் கதைக்கிறன். சூரை இருக்கு. நல்ல சூரை. ஆனா ஐஸ் இல்லை. இந்தக் கிழமை முழுக்க ஐஸ் இல்லை. அன்சார் ஹாஜியாரிட்டக் கேட்டா நாளைக்கு, நாளைக்கு எண்டுறார். இந்த மீனை என்ன, திருப்பிக் கடல்ல கொட்டவோ?"

ஒலியைக் குறைக்கிற பொத்தானைத் தேடினேன். அகப்படவில்லை. அதற்குள் நிலாவெளியில் இருந்து இன்னொருவர்: "ஜெகன் சொல்றது சரி. எனக்கும் ஐஸ் இல்லை." அவருக்குப் பின்னால் மூதூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர், அச்சில் ஏற்ற முடியாத இரண்டு சொல்லோடு.

என் வீட்டில், என் விருந்தாளியை, என் மென்பொருளே திட்டிக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் அவர் கோபிக்கவில்லை. பல்லுக் குத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"உண்மைதான். மெசின் பழசு. எவ்வளவு ஐஸ் போட்டாலும் விடியிறதுக்குள்ள முடிஞ்சிருது. ஆலையப் பெருக்கணும். கூட நிண்டு காசு போடுறதுக்கு ஒரு ஆள் இல்ல."

சிவம் அண்ணை தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு தட்டுப்பாடோ ஐஸுக்கு?"

"இப்பக் கேட்டீங்களே மகன், உங்கட ரெண்டு காதாலயும்!"

சிவம் அண்ணை என் பக்கம் திரும்பினார். பாவம், மனம் நொந்துதான் சொன்னார். "குமார், குறை நினையாதையும். உம்மட சாமானை எனக்குத் தொட்டுப் பாக்கேலாது. ஐஸ் எண்டாக் கை விறைக்கும், இருக்குது எண்டு விளங்கும்."

"அண்ணை, ஆலைக் கணக்கு, லொறிக் கணக்கு எல்லாம் பாக்கிறதுக்கு எங்களிட்ட ஒரு புரோகிராம் இருக்கு" என்றார் தயாபரன்.

"பாத்தீங்களோ ஹாஜியார்? தம்பி எண்டா இதுதான் தம்பி!"

கரைக்குரல் என்ன செய்யவேண்டுமோ அதை அச்சொட்டாகச் செய்து காட்டியது. எங்கே எது இல்லையோ, அதை உரிய ஆளின் காதில் போட்டது. என் பத்து வருட வாழ்க்கையின் மிகச் சிறந்த விற்பனை அன்றைக்குத்தான் நடந்தது. விலைப்பட்டது மட்டும் ஹாஜியாரின் ஐஸ் ஆலை.

ஆலையைப் பார்க்க மூவரும் உடனேயே கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டார்கள். வானில் எனக்கும் ஒரு இடம் இருந்தது. ஆனால் மச்சாள் வதனிக்கு ஊர் நண்டு என்றால் உயிர் என்று தயாபரன் சொல்ல, மலர் ஒரு சட்டி கறி கட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தச் சட்டி என் இடத்தில் ஏறி இருந்தது. சரியக் கூடாது என்று அதற்கு பெல்ட்டும் போட்டார்கள். நான் படலையடியில் நின்று கை காட்டினேன்.

திரும்பினால், குசினி வாசலில் ஆறு பேரும் நண்டு மணக்கிற கையோடு நின்றார்கள்.

"என்ன சேர், வித்தாச்சோ?"

"வித்தாச்சு."

"ஆருக்கு?"

"சிவம் அண்ணைக்கு."

"எங்கட கம்பனியையோ?"

"இல்லை. ஹாஜியாற்ற ஐஸ் ஆலையை."

ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சங்கவி தரையில் இருந்து சிரித்தாள். தாரணி மட்டும் சிரிக்கவில்லை. யன்னலடியில் கிடந்த கதிரை ஒன்றில் போய் இருந்துகொண்டு, "அப்ப எங்கட வேலை சேர்?" என்று கேட்டாள். மற்றவர்களின் சிரிப்பும் நின்றது. நான் மற்றக் கதிரைகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினேன்.

அடுத்த கிழமைகளில் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் நித்திரை வராமல் வெள்ளெனவே எழும்பிக் கடற்கரைக்குப் போனேன். கூறல் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. தேத்தண்ணிக் கடையைக் கடக்கும்போது பார்த்தால், மணலில் நின்று ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிற அத்தனை வியாபாரிகளும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து, ஒருவர் தட்டில் இருந்த வடையை மற்றவர் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சூரையை நீ எடு, பாரையை நான் எடுக்கிறேன் என்று எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. மணலில் நடப்பது மிச்சச் சடங்கு. இத்தனை வருடமும் நான் பிந்தி எழும்புகிறவன் என்பதால் சடங்கை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் தாரணி என் மேசைக்கு வந்தாள். பின்னால் மற்ற ஐந்து பேரும். அவர்களுக்கும் பின்னால், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சல்லி ஜெகன்.

"சேர், கம்பனியை நாங்களே எடுக்கிறம்."

"நாங்கள் எண்டா?"

"நாங்கள் ஆறு பேரும். படகுக்காரரும் கொஞ்சப் பேர் பங்குக்கு வருகினம். ஒரேயடியாத் தரேலாது. வாற வருமானத்தில கொஞ்சம் கொஞ்சமாத் தருவம்."

"கொழும்புக்காரர் வந்து படகுக்காரரை இழுத்தா?"

"என்ர சொந்தக் கம்பனியை விட்டுப்போட்டு நான் ஏன் அண்ணை அங்க போறன்?" என்றார் ஜெகன்.

"மற்ற ஐஸ் முதலாளிமார்?"

"எங்களிட்ட ஆரின்ர ஐஸும் இல்லை. நம்புவினம்" என்றாள் தாரணி.

"ஆபீஸ்?"

"இஞ்சதான். கீழ அந்த எஞ்சின் சத்தம் இல்லாட்டி எனக்கு வேலை ஓடாது."

மூன்று பேரிலும் இல்லாதது எல்லாம் இவர்களிடம் இருந்தது. நான் யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தேன், மரியாதைக்கு. பிறகு கையெழுத்து வைத்தேன். டொக்டருக்குச் சந்தோசம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். பூனைக்கு என்னை ஓரளவு ஞாபகம் இருக்கிறது.

ஹாஜியாரும் சிவம் அண்ணையும் கூட்டாகப் போட்ட புது ஆலையைத் திறந்தபோது என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். "இந்தத் தம்பிதான் எங்களச் சேத்து வெச்சது" என்று ஹாஜியார் சபையில் சொல்லி, முதல் வந்த ஐஸ் கட்டியை மரத்தூள் சுற்றி எனக்கே தந்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே தரகு அது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆட்டோவில் ஓடிவிட்டது. மிச்சத்தில் மலர் சர்பத் கரைத்தாள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் விருந்தாட்கள் வந்தால், சங்கவி இன்றைக்கும் உள்ளே இருந்து சத்தமாகக் கேட்பாள்: "அப்பா, கதிரையைக் கிட்டப் போடவோ, தூரத் தூரப் போடவோ?" கனடாவில் இருந்து சிவம் அண்ணை போன் எடுத்தாலும் இதுதான் முதல் கேள்வி. கதை தெரியாதவர்கள் சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் கதை சொல்லப்படும், கீறலும் காட்டப்படும்.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸில் தேத்தண்ணி குடிக்கும்போது தாரணியிடம் கேட்டேன்.

"பிள்ளை, அண்டைக்கு ஆருக்கு விக்கிறது எண்டு நான் கேக்க, என்னவோ சொல்ல வாயைத் திறந்தனீர். இதைத்தானோ?"

"ஓம் சேர்."

"அப்ப பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லோ? அந்த ஞாயிற்றுக்கிழமை காலமை தொடக்கம் எங்கட வீட்டிலதானே இருந்தனீர்?"

அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் எங்களை நண்டு உடைக்கத்தானே சேர் கூப்பிட்டனீங்கள்?"